பாண்டியம்மா என்கிற ராசாத்தி

கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியாயிற்று. போன வாரம் வக்கீல் சங்க அறையில் எனக்கு மாலை போட்டுவிட்டு நீங்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "மேடம், நீங்க ஜெயிச்சதுலயே பெரிய கேசு எது?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்டதை இல்லை. நான் கிழித்துப்போட்ட ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அந்தப் பக்கம் கோர்ட்டுக்குள் போயிருந்தால் இரண்டு பெண்களின் பிழைப்பில் மண் விழுந்திருக்கும். நீங்களும் எனக்கு மாலை போட்டிருக்க மாட்டீர்கள்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் நாலு பேர் விலகி நிற்பார்கள். கட்சிக்காரர் கதையைத் தொடங்கியதுமே "சரி சரி, விசயத்துக்கு வாங்க" என்று பாதியில் வெட்டிவிடுவேன். விசயம் எது என்று எனக்குத்தான் தெரியும் என்கிற நினைப்பு. அப்போது நான் வக்கீலாகி இருபது வருசம் தாண்டியிருந்ததால் அந்த நினைப்புக்குத் திமிரும் சேர்ந்திருந்தது.

ஒரு நாள் சிலமலையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஓரகத்திகள், அண்ணன் தம்பிகளைக் கட்டியவர்கள். மூத்தவள் ராசாத்தி வெளிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். இளையவள் பாண்டியம்மா உள்ளே வந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. காட்டச் சொன்னேன். பெருவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை.

மலைமேல், கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டத்தில் நடந்தது அது. காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். உலர்ந்த காயின் காம்பையும் தூசியையும் உரசி எடுக்க அங்கே ஒரு மெஷின் உண்டு. அதன் பெல்ட்டுக்கு மேல் தகர மூடி இருக்க வேண்டும். அன்றைக்கு இல்லை. பாண்டியம்மாவின் முந்தானையைப் பெல்ட் இழுத்தது. விடுவிக்கப் போன கையையும் சேர்த்து இழுத்துவிட்டது.

ஏலக்காய் எடுப்பது விரல் வேலை. செடியின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையோடு கிடக்கும் சரத்தில் விளைந்த காயாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். இரண்டு விரல் உள்ள கையைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் எந்த ஜீப்பும் ஏற்றிக்கொள்ளாது. ஸ்டோரிலேயே லேசான வேலை ஒன்று போட்டுத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பி இரண்டு வருசத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, கடைசியில்தான் என்னிடம் வந்தாள்.

"அன்னைக்குக் காலையில என்னாச்சுன்னா வக்கீலம்மா, எங்க அக்கா வந்து..." என்று தொடங்கினாள்.

"அக்கா கதை இருக்கட்டும். மெஷினுக்கு மூடி இருந்துச்சா இல்லையா? விசயத்துக்கு வா" என்றேன். வந்தாள். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தோட்டம் கேரளத்தில் என்றாலும், முதலாளியின் வீடு போடியில் இருந்ததால் நம் ஊரிலேயே வழக்குப் போடலாம். கவனக்குறைவு என்று சுடச்சுட நோட்டீஸ் அனுப்பினேன்.

பதில் நோட்டீஸ் வந்தது. படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. பாண்டியம்மா என்று யாரும் எங்கள் தோட்டத்தில் எந்த நாளும் வேலை பார்த்ததில்லை. அந்த நாள் மெஷினில் இருந்தவள் ராசாத்தி. பேர்ப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ராசாத்தி பத்து விரலோடு இன்றைக்கும் எங்களிடம் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். இதுதான் பதிலின் சாரம்.

இரண்டு பேரையும் வரச்சொல்லி ஒரு பிடி பிடித்தேன். அப்புறம்தான் கதை முழுசாக வெளியே வந்தது. மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஒரு வீட்டுக்கு ஓர் இடம். அந்த இடம் ஒரு பேரில் இருக்கும். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். ஆகவே போக முடியாத நாளில் வீட்டிலிருந்து இன்னொருத்தியை அனுப்புவார்கள். அவள் ஏறினாலும் புத்தகத்தில் எழுதுவது பழைய பேரைத்தான். இதற்குப் "பேர்ல போறது" என்று சொல்வார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், மலையடிவாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. இருபது வருசமாக அதே ஊரில் வக்கீலாக இருந்த எனக்கு மட்டும் தெரியாது!

"புத்தகம் போகட்டும். ஆஸ்பத்திரியில எப்படிடீ அந்தப் பேரு வந்துச்சு?" என்று கத்தினேன்.

"அங்க சீட்டு எழுதுறவரு 'பேரு எந்தா'ன்னு கேட்டாரு. சூப்பர்வைசர் முந்திக்கிட்டு ராசாத்தின்னு சொல்லிட்டாரு" என்றாள் பாண்டியம்மா. "நான் வலியில கெடக்கேன். இல்லைன்னு சொன்னா அக்காவுக்கு ஜீப்புல எடம் போயிருமே. அதான் பேசாம இருந்துட்டேன்."

"இதை ஏன் மொத நாளே எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் விசயத்துக்கு வான்னீக."

குனிந்துகொண்டு காகிதங்களை அடுக்கினேன்.

தொழிலாளர் இழப்பீட்டு வழியில் போயிருக்கலாமே என்று உங்களில் கெட்டிக்காரர் கேட்பார். அதற்கு முதலில் அவள் அங்கே தொழிலாளி என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டிய புத்தகத்தில் அவள் பேரே இல்லை. சிவில் கோர்ட்டில் கவனக்குறைவு வழக்கு என்றால், அந்த மெஷின் முன்னால் யாரை உட்காரவைத்தாலும் மூடி போட்டிருக்க வேண்டியது உன் கடமையா இல்லையா என்று கேட்கலாம். இன்றைக்கு இதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன் பாருங்கள். அன்றைக்கு என் புத்தி அந்தப் பக்கமே திரும்பவில்லை. வழக்குப் போடுவதற்கான மூன்று வருசக் கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது. அதில் இரண்டு நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை பிராது உள்ளே போகாவிட்டால் அவள் விரலுக்கு இந்த உலகத்தில் எவனும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. பிராதின் தலைப்பில், வாதியின் பேர் வரும் இடத்தில், "பாண்டியம்மா என்கிற ராசாத்தி" என்று போட்டுவிட்டேன். ஒருத்திக்கு இரண்டு பேர் இருக்கக் கூடாதா? ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர். புத்தகம் பொருந்தியது, ஆஸ்பத்திரிச் சீட்டு பொருந்தியது. எல்லாக் காகிதமும் ஒரே மூச்சில் என் பக்கம் வந்துவிட்டது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

என் குமாஸ்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் பேரை இங்கே எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேரை வைத்து வந்த வினையைப் பற்றிய கதையில் தன் பேர் வேண்டாம் என்பது அவருடைய குறும்பு. அவர் பிராதை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். அடுத்த பக்கம் திருப்பாமல் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இவுக ராசாத்தின்னா, வெளிய பெஞ்சில உக்காந்திருக்கிற அந்தம்மா யாரு?"

"அவங்களைக் கோர்ட்டுப் பக்கம் வரவேணாம்னு சொல்லிட்டாப் போச்சு."

"கோர்ட்டுக்கு வரவேணாம், சரி. ரேஷன் கடைக்கு? ஓட்டுப் போட? நாளைக்கு மக கல்யாணப் பத்திரிகையில தாயார்னு எந்தப் பேரைப் போடுவாக? ராசாத்திங்கிற பேரு இன்னொருத்தியோடதுன்னு நாம கோர்ட்டுலயே எழுதி வச்சிடுறோமேம்மா."

"யோவ், குமாஸ்தா நீங்களா, வக்கீல் நானா?" என்றேன்.

"வக்கீல் நீங்கதாம்மா. கீழ கையெழுத்துப் போடப்போறதும் நீங்கதான். அதுக்குத்தான் கேட்டேன்." சத்தத்தை ஏற்றவே இல்லை. பேனாவுக்கு மூடி போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு இன்னொன்று கேட்டார்: "அன்னைக்கு அந்தம்மா எங்க போயிருந்தாக?"

அட, அதை நான் கேட்கவே இல்லையே! மூடி, பெல்ட், விரல் என்று எல்லாம் கேட்டேன். மலைக்குப் போகாதவள் எங்கே போனாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராசாத்தியை உள்ளே கூப்பிட்டேன். "தேனிக்குப் போயிருந்தேன், மூத்த மகளைக் காலேஜ்ல சேக்க" என்றாள். "பாரத்துல கையெழுத்துப் போட்டேன். தேதியோட நகல் மக வச்சிருக்கா. கொண்டாரச் சொல்லவா?"

ஒரு பெண்ணுக்கு விரல் போன அதே நேரத்தில், அந்த விரலுக்குச் சொந்தக்காரி என்று புத்தகம் சொல்லும் பெண் தேனியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிய பக்கத்தை எதிர்த்தரப்பு கையில் எடுத்தால் என் கதி என்ன என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டு பேரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். "உண்மையை அப்படியே எழுதலாம். ராசாத்தி பேர்ல பாண்டியம்மா போனா, அது சூப்பர்வைசருக்குத் தெரியும்னு எழுதலாம். ஆனா அதை ராசாத்தி கூண்டுல ஏறிச் சொல்லணும். சொன்ன மறுநாள் ஜீப்புல எடம் இருக்காது."

பாண்டியம்மா எழுந்துவிட்டாள். "வேணாம் வக்கீலம்மா, கேசும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் விரலு போனது போயிருச்சு. அக்கா பிழைப்பும் போகணுமா? அவ மகளைப் படிக்க வைக்கிறா."

"ஏத்தா, உக்காரு நீ" என்று ராசாத்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆஸ்பத்திரியில அம்புட்டு வலியிலயும் எம் பேரைக் காப்பாத்துனவ நீ. நான் ரெண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வலிக்குதாக்கும்? எழுதுங்க வக்கீலம்மா. வெரசா எழுதுங்க, பஸ்சு போயிரும்."

அந்தப் பக்கத்தை நாலாகக் கிழித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினோம். இந்தத் தடவை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டேன், வெட்டவில்லை. "பேர்ல போறது" என்பதற்குத் தனியாக ஒரு பத்தி. ஆஸ்பத்திரியில் பேர் சொன்னது யார் என்பதற்கு ஒரு பத்தி. என் கட்சிக்காரிக்குப் பாதகமான எல்லாவற்றையும் நானே முதலில் எழுதினேன். திங்கட்கிழமை குமாஸ்தா வேகுவேகென்று நடந்துபோய்த் தாக்கல் செய்துவிட்டு வந்து, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

விசாரணை வர ஒன்றரை வருசம் ஆனது. ராசாத்தி சாட்சிக் கூண்டில் ஏறிய நாளை நான் மறக்க மாட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட அனுபவஸ்தர். அமைதியாகக் கேட்டுக் கழுத்தை அறுப்பவர் என்று பேர்.

"அன்னைக்கு நீங்க தோட்டத்துக்குப் போகலை?"

"போகலைங்கய்யா. தேனியில இருந்தேன்."

"புத்தகத்துல உங்க பேரு இருக்கே?"

"இருக்குங்கய்யா."

"அப்ப வராத நாளை வந்ததா எழுத வச்சு முதலாளியை ஏமாத்தியிருக்கீங்க. அப்படித்தானே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து ஆட்சேபம் சொல்ல நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டேன். என்னவோ, அன்றைக்கு மட்டும் எழவில்லை. இவள் ஓரகத்தியை ஒரு தடவை வெட்டிப் பேசித்தான் இவ்வளவு வினையும் வந்தது, பேசட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அப்படி வாயை மூடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஆமாங்கய்யா, ஏமாத்துனதுதான்" என்றாள் ராசாத்தி. "எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், பேரு எழுதுன சூப்பர்வைசருக்கும் தெரியும். மெஷினுக்குத்தான் தெரியலை. புத்தகப்படி பாத்தா எம் விரலுல்ல போயிருக்கணும்?" இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள். "பத்தும் இருக்கு. எண்ணிக்கங்க."

கோர்ட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவை வைத்துவிட்டுப் பின் பெஞ்சைப் பார்த்தார். அங்கே இருந்த பாண்டியம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "சாட்சி சொன்னதை அவங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்றார் நீதிபதி.

ராசாத்தி அதோடு நிற்கவில்லை. "அந்த மூடி எங்கன்னு யாருமே கேக்கலையேய்யா. ஸ்டோருக்குப் பின்னால தண்ணித் தொட்டி மேல கெடக்கு, குப்பை விழாம மூடி வச்சிருக்காக. நேத்துக்கூட நான் அதைத் தூக்கி வச்சுட்டுத்தான் தண்ணி மோந்தேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விக்கு வெளியே வந்த பதில் அது. ஆனால் வந்துவிட்டது. பிறகு சூப்பர்வைசரை நான் குறுக்கு விசாரணை செய்தபோது, தொட்டியை மூடியிருக்கும் தகரம் எது என்று ஒன்று மட்டும் கேட்டேன். மெஷினின் மூடிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை நிறுத்தினார். "மேடம், பிராது வர்றதுக்கு முன்னாடி, நீங்க 'என்கிற'ன்னு போட்டு ஒரே ஆளாக் காட்டுவீங்கன்னு நெனச்சு, அதுக்குன்னே ராசாத்தியோட வாக்காளர் அட்டையைத் தயாரா வச்சிருந்தேன். அப்படி வந்திருந்தா மூணே கேள்விதான். உங்க வாதி பொய்க்கேசு போட்டவளா வெளிய போயிருப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கும் இன்றைக்கு நன்றி சொல்கிறேன். சொல்லாமலே போயிருக்கலாம் அவர். சொன்னதால்தான் நான் எந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்றேன் என்று எனக்குத் தெரிந்தது.

கூண்டில் ஏற மாட்டாள் என்று நம்பி அதுவரை அவளை வேலைக்கு விட்டிருந்தார்கள். மறுநாள் காலை ராசாத்தி ஜீப் நிற்கும் இடத்தில் போய் நின்றிருக்கிறாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, ஆளு நெறஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். ஒரு காய்ப்புப் பருவம் முழுக்க அவளுக்கு மலை இல்லை. சிலமலையில் கிடைத்த காட்டு வேலைக்குப் போனாள். கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்தானே அவளைக் கூண்டில் ஏற்றினேன்? அவள் களையெடுத்துக்கொண்டிருந்த தக்காளிக் காட்டுக்கே போய், வரப்பில் நின்றுகொண்டு, "என்னாலதான் உனக்கு இந்த நிலைமை. நான் என்ன சொல்றதுன்னு தெரியலை. உன் மாதிரி ஒரு..." என்று இழுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "சோலி கெடக்கு வக்கீலம்மா. விசயத்துக்கு வாங்க."

வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த காய்ப்பில் வேறொரு தோட்டத்து ஜீப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. குமாஸ்தாவைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்க்கிறார்.

தீர்ப்பு பாண்டியம்மா பக்கம் வந்தது. முதலாளி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. கிடைத்த இழப்பீட்டை அவள் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சின்னது. கட்சிக்காரர் அக்கா கதை சொன்னால் அக்கா கதையைக் கேளுங்கள். கெடு நெருங்கும்போது எல்லாக் காகிதமும் சொல்லிவைத்தாற்போல உங்கள் பக்கம் வந்து நின்றால், பேனாவை மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் குமாஸ்தா "ஒரு சந்தேகம்" என்றால் கத்தாதீர்கள். கத்தினாலும் அவர் சொன்னதைக் கேளுங்கள். என்னை இத்தனை வருசம் இந்த ஊரில் மரியாதையோடு வைத்திருந்தது என் வாய் இல்லை. அந்த மனிதருக்கும் அந்த இரண்டு பெண்களுக்கும் நான் பட்ட கடன் அது, அதை எந்த மாலையாலும் தீர்க்க முடியாது.

தீர்ப்பு நகல் வந்த அன்று ஓரகத்திகள் இரண்டு பேரும் வந்தார்கள். இந்தத் தடவை ராசாத்தி வெளிப் பெஞ்சில் உட்காரவில்லை. பாண்டியம்மா நகலை இடது கையால் வாங்கி, முதல் பக்கத்தை என் முன்னால் வைத்து, "எம் பேரு எங்க இருக்கு?" என்றாள். காட்டினேன். வாதி: பாண்டியம்மா. அவ்வளவுதான், கூட எந்தப் பேரும் இல்லை. இத்தனை வருசம் உழைத்ததில் ஒரு புத்தகத்திலும் அவள் பேர் ஏறியதில்லை. அந்த எழுத்தின் மேல் இரண்டு விரல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

பிறகு கேட்டாள். "அக்கா பேரு இருக்கா?"

பக்கத்தைப் புரட்டி, சாட்சிகள் பட்டியலைக் காட்டினேன். வாதி தரப்பு இரண்டாம் சாட்சி, ராசாத்தி.

"சரிதான்க்கா" என்று ராசாத்தியைப் பார்த்துச் சொன்னாள். "நீ ஒம் பேர்ல இருக்க. நான் எம் பேர்ல இருக்கேன்."